ஒப்பமும் முகவரியும்

தமிழில் ஆவணம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அங்காடித் தெருவும் ஆவணம்; உரிமையை நிலைநாட்டும் எழுத்தும் ஆவணம். பழைய புலவர்கள் பண்டம் பரப்பி விற்கும் தெருவை இச்சொல்லாற் குறித்தனர். பின்னர் விலையோலையும் ஆளோலையும் ஆவணம் எனப்பட்டன. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் நிலம் விலைகூறப்பட்டு எழுத்து முடிவாகும் இடத்துக்கு ஆவணக்களரி என்பது பெயர். கடைத்தெருவும் கைச்சாத்தும் ஒரு சொல்லின்கண் வந்து தங்கியது வியப்பன்று. முன்பின் அறியாதார் கூடும் இடம் சந்தை. அங்கேதான் "நீ யார்? இப்பொருள் உன்னுடையதுதானா?" என்னும் வினா எழும். அவ்வினாவுக்கு விடையாகவே எழுத்துப் பிறந்தது.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறவும் இறங்கவும் குவிந்த பொதிகளின்மேற் சோழனுடைய புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அந்நகரின் வெள்ளிடை மன்றத்திலே, உடையவர் பெயரும் நிறையும் அளவும் பொறித்த பொதிகள் தாழும் காவலும் இன்றிக் கிடந்தன என்று சிலப்பதிகாரம் காட்டும். அவ்வெழுத்துக்குக் கண்ணெழுத்து என்பது பெயர். பொதியைப் பிரித்துப் பாராமலே இஃது இன்னாருடையது, இடையிற் பிறர் கைபடாதது என்று அறிவிப்பது பொறி. அதன் பயன் முழுவதும் அவ்வளவே.

நம் ஊவா மாகாணத்திலும் இதற்குத் தொல்சான்று ஒன்று உண்டு. பதுளைத் தூண் கல்வெட்டு எனப்படுவது 10ஆம் நூற்றாண்டிற் சிங்கள மொழியிற் பொறிக்கப்பட்டது. மகியங்கனையை அடுத்த சொரபொரைப் பகுதியிற் கிடைத்துப் பின்னர்ப் பதுளை நகருக்குக் கொணரப்பட்டது. ஹோபிட்டிகமுவ என்னும் சந்தையில் வணிகரும் குடிகளும் அதிகாரிகளால் உற்ற இடுக்கணை நீக்கி, வாங்கல் விற்றலுக்கு முறை வகுத்தது அக்கல். வணிகம் நேர்மையாக நடத்தற்கு வணிகன் மட்டுமன்றி அவனைச் சோதிப்பவனும் நேர்மையனாதல் வேண்டும் என்பதை அத்தூண் ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே சொல்லியிருக்கின்றது. இக்கட்டுரை முழுவதற்கும் அதனையே அடிப்படையாகக் கொள்வோம்.

நிரலுக்கு இடும் பொறி

இன்று கண்ணுக்குப் புலனாகாத பண்டம் ஒன்று உலகச் சந்தையில் மிகுதியாக விலைப்படுகின்றது. கணினிக்குக் கட்டளையாக எழுதப்படும் நிரல் அது. தேயிலைப் பெட்டியைத் தட்டிப் பார்க்கலாம். கொழுந்தை முகர்ந்து பார்க்கலாம். நிரலை வாங்குவோன் அவ்வாறு ஒன்றும் செய்ய இயலாது. நல்ல அகராதி என்று நினைத்துக் கணினியில் ஏற்றியது கடவுச்சொற்களைக் களவாடும் கள்வனாக இருத்தலும் கூடும். ஆதலின் புகார்த் துறையின் பொதிக்கு வேண்டியிருந்த பொறி இன்று நிரலுக்கும் வேண்டியதாயிற்று.

அப்பொறி இடப்படும் முறையைச் சுருங்கக் காண்போம். நிரல் எத்துணைப் பெரிதாயினும் அதனைக் கணித முறையால் ஒரு சிறு எண்ணாக வடித்துவிடலாம். இன்று பெருவழக்கான முறையில் அவ்வெண் பதினாறன் அடிமானத்தில் 64 இடங்களைக் கொண்டது. நிரலில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றும் வேறாகிவிடும். நிரல் செய்தோன் இரண்டு திறவுகோல் உடையவன்: ஒன்று தானே மறைத்து வைத்திருப்பது, மற்றொன்று யாவர்க்கும் வெளிப்பட வழங்குவது. மறைத்த திறவுகோலால் அவ்வெண்ணுக்கு முத்திரையிடுவான். வெளித் திறவுகோல் உடைய எவரும் அம்முத்திரை உண்மையானதா என்று ஒத்துப் பார்க்கலாம். ஆயின் அதுபோல் ஒன்றைத் தாமே ஆக்கிவிட இயலாது. இவ்விரட்டைத் திறவுகோற் கருத்தை 1976ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ட், சமீர், ஏடில்மன் என்னும் மூவர் அதனை நடைமுறைக்கு ஏற்றதாக்கினர்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. இவ்வெளித் திறவுகோல் இன்னாருடையது என்பதற்கு உறுதி என்ன? பொய்யன் ஒருவன் தன் திறவுகோலைக் காட்டி, "இது புகழ்பெற்ற இன்ன நிறுவனத்தாருடையது" என்று சொல்லலாம் அன்றோ? கணிதம் இவ்விடத்தில் வாய் மூடிக்கொள்கின்றது. ஆள் சான்று வேண்டப்படுகின்றது. அச்சான்றினைத் தருதற்கென்றே சான்றளிப்போர் என்னும் நிறுவனங்கள் உள. இன்ன திறவுகோல் இன்ன பெயரும் இன்ன இடமும் உடையாருக்கு உரியது என்று அவர்கள் தம் ஒப்பமிட்டுச் சான்றிதழ் வழங்குவர். அஃது இல்லாத நிரலைத் திறக்கப் புகுந்தால், வெளியிட்டவர் அறியப்படாதவர் என்று கணினி எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையைக் கண்டவர் பெரும்பாலும் அப்பண்டத்தைத் தொடாது நீங்குவர்.

வெண்ணெய்நல்லூர் அவையம்

சான்றளிப்போர் எவ்வாறு ஆராய்கின்றனர் என்பதைத் தமிழ் மாணவர்க்கு விளக்கப் பெரியபுராணத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை "நீ எனக்கு அடிமை" என்று வழக்கிட்டு வந்தார் ஒரு முதியவர். அவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் வாங்கிக் கிழித்தெறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையத்துக்குச் சென்றது. வழக்கினை நிறுவும் வழிகளாக அங்கே மூன்று பேசப்படுகின்றன: நெடுநாள் வழங்கிவரும் ஆட்சி, எழுத்தாகிய ஆவணம், அயலார் கண்ட காட்சி என்பன அவை. முதியவர், கிழிக்கப்பட்டது படியோலையே, மூலவோலை என்னிடம் உண்டு என்றார். அவையத்தார் அதனை வாங்கிப் படிப்பித்தனர். சான்றிட்டோர் கையெழுத்தை நோக்கினர். அதனோடு அமைந்தாரல்லர். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காவலிலிருந்து வருவித்து, இரண்டும் ஒரு கையே என்று ஒத்துக் கண்டபின்னரே தீர்ப்புச் சொன்னார்கள்.

தீர்ப்புக் கூறிய பின்னரும் அவர்கள் ஒன்று கேட்டார்கள். "இவ்வூரினர் என்றீரே, உமது மனை எங்கே? காட்டும்" என்பதே அது. முதியவர் திருவருட்டுறைக் கோயிலினுள் அழைத்துச் சென்று மறைந்தருளினார். வந்தவர் இறைவனே ஆயினும் முகவரி கேட்பதை அவையத்தார் விட்டாரில்லை.

இன்றைய சான்றளிப்போர் கேட்பனவும் இவையே. முதலாவது ஆவணம்: நிறுவனம் அரசாங்கப் பதிவேட்டில் உள்ளதா என்பது. இலங்கையிற் கம்பனியாயின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி பெற்ற பதிவு. தனியொருவர் தம் பெயரல்லாத வேறு பெயரில் நடத்தும் தொழிலாயின் வியாபாரப் பெயர்ப் பதிவு. இரண்டாவது ஆட்சி: அந்நிறுவனம் மெய்யாகவே ஓரிடத்தில் இயங்கி வருகின்றது என்பதற்கு வங்கிக் கூற்று, மின்கட்டணச் சீட்டு, வரிச் சீட்டு முதலியன. மூன்றாவது அயலார் காட்சி: விண்ணப்பித்தவர் சொன்ன எண்ணுக்கன்றி, பொதுப் பதிவொன்றிலிருந்து தாமே தேடியெடுத்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்து வினாவுதல், சிலபோது சட்டத்தரணி ஒருவரின் கடிதத்தை ஏற்றல். விண்ணப்பிப்பவரின் அடையாள அட்டையும் முகமும் ஒப்புநோக்கப்படும். தாள்கள் யாவற்றிலும் பெயரும் முகவரியும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். ஓரெழுத்து வேறுபடினும் வினா எழும். சிங்களத்திலோ தமிழிலோ உள்ள தாளுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கிலப் படி பெரும்பாலும் வேண்டியிருக்கும்.

சோதனை பிழைத்தால்

இத்துணைக் கடுமை எதற்கு என்று வினவலாம். 2001ஆம் ஆண்டு சனவரி மாதம் 29, 30ஆம் நாட்களில், வெரிசைன் என்னும் பெயர்பெற்ற சான்றளிப்பு நிறுவனம் மைக்ரோசொஃப்ட் பெயரில் இரண்டு சான்றிதழ்களை வழங்கியது. பெற்றவனோ அந்நிறுவனத்து ஊழியன் என்று நடித்த ஒருவன். செய்தி மார்ச் மாதத்தில் வெளியாயிற்று. அச்சான்றிதழ்களை நம்பற்க என்று உலகெங்கும் அறிவிக்க வேண்டியதாயிற்று. கணிதம் ஓரிடத்தும் பிழைக்கவில்லை. "நீ யார்?" என்னும் வினாவுக்கு வந்த விடையை ஒத்துப் பாராமல் ஏற்றதே பிழை.

2010ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் வேறு வகையினது. தாய்வான் நாட்டின் ரியல்டெக், ஜேமைக்ரோன் என்னும் இரு நிறுவனங்களின் திறவுகோல்களைக் களவாடி அவற்றின் பெயரால் ஒப்பமிடப்பட்டிருந்தது அது. சான்றிதழ் உண்மையானதே, பொறி இட்ட கைதான் கள்வன் கை. இத்தகைய களவுகளைத் தடுக்கவே, 2023ஆம் ஆண்டு சூன் மாதம் 1ஆம் நாள் முதல் மறைத் திறவுகோலைத் தனிக் காப்புக் கருவியிலேயே வைத்தல் வேண்டும் என்று சான்றளிப்போரும் உலாவி செய்வோரும் கூடிய பேரவை விதித்தது.

இவ்விரண்டு நிகழ்ச்சியாலும் பெறப்படுவது ஒன்றுண்டு. சான்றிதழ் "இவன் இன்னான்" என்று மட்டுமே சொல்லும். "இவன் நல்லன்" என்று சொல்லாது. ஆயினும் இன்னான் என்று தெரிந்தவிடத்தே பழி வந்தால் ஏற்பதற்கு ஓர் ஆள் இருக்கின்றான். பெயரைக் கொடுத்தவன் பெயரைக் காக்கவும் முயல்வான். ஆதலின் சோதனை வேண்டுவதே. அச்சோதனை எல்லார்க்கும் ஒரே அளவினதாய் நிற்கின்றதா என்பதுதான் ஆராய்தற்குரியது. இவ்வினாவோடு நம் மலைநாட்டுக்கு வருவோம்.

தகரத்திலும் தாளிலும் எழுதிய வரலாறு

தோட்டத்து மக்களின் வரலாறு ஒருவகையில் அடையாளச் சான்றுகளின் வரலாறே ஆகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் கழுத்திலே தகரவில்லை ஒன்று தொங்கவிடப்பட்டது. அதிலே தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் துளைக்கப்பட்டிருந்தன. புகார்த் துறையிற் பொறி பொதிக்கு இடப்பட்டது. இங்கே ஆளுக்கு இடப்பட்டது. பொதியின் எழுத்து உடையவனைக் காட்டிற்று. வில்லையின் எழுத்தும் உடையவனையே காட்டிற்று, அணிந்தவனை அன்று.

அடுத்தது துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக விரும்பும் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லையேல் வேறிடத்தில் வேலை இல்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது. கைச்சாத்து இடத் தெரியாதார் பெருவிரல் பதித்தனர். எழுத அறியாதவன் ஓலையில் இடும் தன் குறியே பண்டைத் தமிழிற் தற்குறி எனப்பட்டது. அக்குறி இன்னாருடையது என்று அருகிருந்து சான்று எழுதுவோரும் அன்று இருந்தனர். காலப்போக்கில் தற்குறி என்பது எழுத்தறியாதவனை இகழும் சொல்லாயிற்று. குறியிட்டவனை இகழ்ந்தோமே அன்றி, அவனுக்கு அருகிருந்து சான்று சொல்லும் கடமையை நாம் நினைத்தோமில்லை.

தாள் இல்லாமையின் பெருந்துன்பம் விடுதலைக்குப் பின்னரே வந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிற் பதுளைத் தொகுதியின் இரு உறுப்பினருள் ஒருவராக இலங்கை இந்தியர் காங்கிரசின் எஸ்.எம். சுப்பையா தெரிவானார். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையின் பிறப்பையோ பாட்டனின் பிறப்பையோ இந்நாட்டிலே நாட்டுமாறு கேட்டது அது. பிறப்புப் பதிவு செவ்வையாக நடவாத காலத்தில், லயத்திலே பிறந்த பாட்டனுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எங்கே கிடைக்கும்?

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாளுக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1964ஆம் ஆண்டளவில் உரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. தாயகத்துக்கு ஒருமுறை சென்று வந்த இடைவெளியும் சிலர்க்குத் தடையாயிற்று. எஞ்சியோர் 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஒப்பந்தத்தால் இரு நாட்டுக்கும் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர். 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களுக்குப் பின்னரே நாடற்றவர் என்னும் பெயர் நீங்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர் வழியினரையும் உரியராக்கிற்று. ஒரு தாள் இன்மைக்கு அரை நூற்றாண்டு விலையாயிற்று என்க.

பெயரும் மனையும்

குடியுரிமைத் துன்பம் தீர்ந்தது. தாள் துன்பம் முற்றும் தீர்ந்திலது. இன்று பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. தோட்டத்துப் பிள்ளைகள் நிரல் எழுதக் கற்கின்றனர். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழும் இளைஞன், கொழுந்து நிறையைப் பதிந்து கணக்கிடும் நிரல் ஒன்றை ஆக்கினான் என்று வைத்துக்கொள்வோம். தாய் கூடை சுமந்து நிறுத்த கொழுந்துக்குச் சரியான கணக்கு வேண்டும் என்பதே அவன் கருத்து. நிறை குறைந்த நாளில் அரைப்பேர் போடுவதை அவன் சிறுவயது முதற் கேட்டவன். தோட்டத்து வழக்கிற் பேர் என்பது ஒரு நாட்கூலியின் அளவு. மனிதனின் பெயர் செக்றோலில் ஏறினாலன்றிக் கூலி இல்லை ஆதலின், பெயரே கூலிக்குப் பெயராயிற்று. இவ்விளைஞன் தன் நிரலைப் பிறர் நம்பி ஏற்குமாறு ஒப்பமிட விரும்புகின்றான்.

முதலில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். இப்பதிவுக்கு மூலம் 1918ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம். ஒரு பெயருக்குப் பின்னால் நிற்கும் ஆள் யார் என்பதை வெளிப்படுத்தலே அதன் நோக்கம். இன்று பிரதேச செயலகத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். பொதுவாகக் கேட்கப்படுவன தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலரின் சான்று, தொழில் நடக்கும் இடத்தின் காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் என்பன. பண்டாரவளைக் கடைக்காரருக்கு இவை அரிய அல்ல. லயத்து அறையில் வாழ்வோனுக்கோ இறுதியிற் சொன்னது மலையாய் நிற்கும். நிலம் அரசுடையது, 1992ஆம் ஆண்டு முதற் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் ஆட்சியில் உள்ளது. பாட்டனும் தந்தையும் தானும் பிறந்து வாழ்ந்த அறைக்கு உறுதியும் இல்லை, வாடகைச் சீட்டும் இல்லை. மூன்று தலைமுறை ஆட்சி உண்டு, ஆவணம் இல்லை. வெண்ணெய்நல்லூர் அவையம் ஆட்சியையும் ஒரு சான்றாக வைத்தது. நம் அலுவலகங்கள் அதனை மறந்துவிட்டன.

அடுத்தது முகவரி. தோட்டப் பிரிவின் பெயரே அங்கு வாழும் பல குடும்பங்களுக்கும் முகவரியாக இருத்தலைக் காண்கின்றோம். கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, ஆங்கிருந்து கைமாறி வீட்டுக்கு வரும். தனி எண்ணும் தெருப் பெயரும் இல்லாத இடத்தை அயல்நாட்டுச் சான்றளிப்போன் எந்தப் பதிவேட்டிலே தேடுவான்? மின்கட்டணச் சீட்டுத் தம் பெயரில் வாராத குடும்பங்களும் உள. தொலைபேசியோ கைப்பேசி, அதன் எண் பொதுப் பதிவொன்றிலும் இராது.

மூன்றாவது பெயர். தோட்டத்துப் பிறப்புக்கள் தோட்ட நிருவாகத்தின் அறிக்கை வழியாகப் பதிவாளரை அடைந்தன. பெயரை எழுதியவர் எத்தனையோ பேர். கங்காணி சொல்ல, கணக்கப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுத, பதிவாளர் சிங்களத்தில் எழுத, பின்னொருவர் அதனைத் தமிழாக்க, முத்துச்சாமி என்பவர் ஒரு தாளில் முத்துசாமியாகவும் மற்றொன்றில் மொத்துசாமியாகவும் வாழ்கின்றார். தந்தை பெயர் முன்னே வருவதா பின்னே வருவதா என்பதிலும் தாளுக்குத் தாள் வேற்றுமை. குடும்பப் பெயர் என்று ஒன்றில்லாத தமிழ் மரபைக் குடும்பப் பெயர் கேட்கும் படிவம் அறியாது. ஓரெழுத்து வேறுபாட்டுக்கும் விளக்கம் கேட்கும் சோதனையில் இவ்விளைஞன் எத்தனை சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மலைநாட்டிலே தாளுக்கு மற்றொரு பகையும் உண்டு. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொசுலாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த முதல் நாட்களிற் காணாமற் போனோர் தொகையே பலவாறு சொல்லப்பட்டது. இறந்தார்க்கு நாம் அழுதோம். உயிர் தப்பியோர் மறுநாள் முதல் தாம் யார் என்பதைத் தாளால் நிறுவும் வேலையை மீண்டும் தொடங்க வேண்டியவராயினர்.

செய்யத் தக்கன

சோதனையைத் தளர்த்துக என்று நாம் கேட்கவில்லை. 2001ஆம் ஆண்டுச் செய்தியை அறிந்தவர் அவ்வாறு கேளார். சோதனைக்கு வேண்டிய சான்றுகள் எம் மக்களுக்கும் எட்டுவனவாதல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அரசினர் செய்ய வேண்டுவன இரண்டு. வாழும் மனைக்கு உறுதி வழங்குதல் ஒன்று. 2015ஆம் ஆண்டு முதல் 7 பேர்ச் காணி என்னும் திட்டத்தில் தனி வீடுகள் எழுந்தன. சிலர் உறுதியும் பெற்றனர். அது சிலரோடு நின்றுவிடலாகாது. மற்றொன்று, உறுதி வருமளவும் காத்திராமல் ஒவ்வொரு லயத்து வாயிலுக்கும் தனி எண்ணும், தோட்டப் பாதைக்குப் பெயரும், அஞ்சற் பதிவும் கொடுத்தல். இதற்குச் செலவு சிறிது, பயன் பெரிது. பதுளை மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் சில இருமொழி நிருவாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டுள்ளன. அவ்வறிவிப்பு மெய்யாகுமாயின், பெயரைத் தமிழில் உள்ளவாறு எழுதும் பதிவும் ஆங்கே மெய்யாகும்.

ஆசிரியராகிய நாம் செய்ய வேண்டுவன அதனினும் எளியன. அகவை 15 நிரம்பிய மாணவனின் அடையாள அட்டை விண்ணப்பத்தை அத்தாட்சிப்படுத்துபவர் பாடசாலை அதிபர். அவ்விண்ணப்பம் எழுதும் நாளே பெயர் ஒன்றாக்கும் நாள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் பாடசாலைப் பதிவையும் தந்தையின் அட்டையையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து நோக்குக. வேற்றுமை காணின் அப்பொழுதே திருத்தத்துக்கு விண்ணப்பிக்கச் செய்க. அதற்குச் சட்டத்தில் வழி உண்டு. ஆங்கில எழுத்திற் பெயரை எவ்வாறு எழுதுவது என்பதை ஒருமுறை துணிந்து, பின் எங்கும் அவ்வாறே எழுதும் பழக்கத்தை ஊட்டுக. மாணவன் தன் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கட்டும். தாள்களின் படிகளை ஒன்றுக்கு இரண்டிடத்தில் வைக்கட்டும்.

நிரல் எழுதும் இளைஞர்க்கு ஒரு சொல். நிறுவனப் பெயரிலேதான் சான்றிதழ் பெறவேண்டும் என்பதில்லை. தனியாள் பெயரிலும் அடையாள அட்டையையும் முகத்தையும் காட்டிப் பெற வழி வைத்திருக்கும் சான்றளிப்போர் உளர். முதலில் தன் பெயரால் ஒப்பமிட்டுப் பின்னர் நிறுவனம் நாட்டுதல் கூடும். ஒப்பமிட்ட நிரலையும் புதியவன் நிரலாயின் கணினி சிறிது காலம் ஐயுறும். நாளடைவில் ஐயம் தீரும். உரிய கால முத்திரை இட்டிருப்பின், சான்றிதழின் காலம் கடந்த பின்னும் முன்னிட்ட ஒப்பம் நிலைக்கும். ஆனால் மறைத் திறவுகோலை மட்டும் உடன்பிறந்தாருக்கும் இரவல் கொடுத்தலாகாது. அதனை இரவல் கொடுத்தவன் தன் பெயரையே இரவல் கொடுத்தவன் ஆவான்.

சான்று என்னும் சொல்லும் சான்றோர் என்னும் சொல்லும் சால்பு என்பதனோடு உறவுடையன என்பர். நிறைந்தவரே பிறர்க்குச் சான்று பகரத் தக்கவர் என்பது அவ்வுறவின் கருத்து. தகரவில்லையை அணிந்து வந்தவருக்கு அருகிருந்து "இவர் இன்னார், நான் அறிவேன்" என்று சொல்ல அந்நாளில் எழுத்தறிந்தார் மிகச் சிலரே இருந்தனர். இன்று ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் எழுத்தறிந்தார் பலர் இருக்கின்றோம். அடுத்த அடையாள அட்டை விண்ணப்பம் நம் மேசைக்கு வரும்போது, ஒப்பமிடுவதற்கு முன் அதில் உள்ள பெயரை ஒருமுறை உரக்கப் படித்து, "இதுதான் உன் பெயரா, தம்பி?" என்று கேட்போமாக.